பலகை இல்லாத வண்டி

வேடியம்மாள் ஊர் வண்டியை விட்டு இறங்கியபோது பேருந்து நிலையத்துக் கடிகாரம் எட்டு நாற்பது காட்டியது. பன்னிரண்டுக்கு இன்னும் மூன்று மணி இருபது நிமிடம். ஊத்தங்கரையில் ஏறியதிலிருந்து அவள் மனதில் ஓடியது இது ஒன்றுதான்.

நேற்று மாலை அவள் தம்பி மாதப்பன் ஐந்தாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். கீழே மணல் கொட்டியிருந்ததால் உயிர் தங்கியது. வலது கால் தங்குமா என்பதுதான் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போனில் நிதானமாகச் சொன்னாள். காலைக் காப்பாற்றப் பெரிய ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. அதில் உயிருக்கே ஆபத்து வரலாம். அவனுக்கு நினைவில்லை, அதனால் ரத்த சொந்தம் ஒருவர் வந்து சம்மதம் தரவேண்டும். நாளைப் பகல் பன்னிரண்டு வரைதான் அந்தக் கால் தாங்கும். யாரும் வராவிட்டால் முட்டிக்கு மேலே எடுத்துவிடுவார்கள், எடுப்பதற்குச் சம்மதம் தேவையில்லை.

இப்போதே சம்மதம் சொல்கிறேனே தாயி என்று வேடியம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். யார் குரலையும் யார் முகத்தையும் எவனும் செய்துவிடுகிற காலத்தில் போன் பேச்சுக்கு மதிப்பில்லை, அடையாள அட்டைக்கும் மதிப்பில்லை, கையை நேரில் கொண்டுவந்து வைத்தால்தான் செல்லும் என்றாள் அந்தப் பெண். மாதப்பனுக்குத் தெரிந்த தொழில் சாரம் கட்டுவது ஒன்றுதான். ஒற்றைக் காலோடு வந்தால் அவனைக் கீழே நின்று கயிறு பிடிக்கக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நிலையத்தில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன வண்டிகள் வந்து நின்றன, போயின. டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை. நெற்றியில் ஊர்ப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. வேடியம்மாள் முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவள். பாதி எழுத்தை அவளுக்குப் பஸ் பலகைதான் பிடித்துக் கொடுத்தது. பட்டணத்துக்குத் தனியாகப் போகிறாயே என்று ஊரில் கேட்டவர்களிடம், எனக்கென்ன, பலகையைப் படித்து ஏறிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். படிக்க இங்கே ஒன்றுமே இல்லை.

விசாரிக்கும் இடத்தில் இருந்த பெண்ணிடம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனாம் நம்பர் என்று கேட்டாள்.

"நம்பர எடுத்து எட்டு வருஷம் ஆச்சுங்கம்மா. இங்க நீங்க பஸ்ஸத் தேட வேணாம். அதுதான் உங்களத் தேடும்."

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். இந்த ஊர்க்காரர்கள் வண்டி வாசலில் கையை வைத்தால் போதும். இந்தக் கை காலையில் எங்கே போகும், சாயங்காலம் எங்கே திரும்பும், செவ்வாய்க்கிழமை எந்தக் கோயிலில் இறங்கும், எல்லாம் வண்டிக்குத் தெரியும். ஒரே திசைக்காரர்களைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு, எந்தத் தெரு காலியோ அந்தத் தெருவில் போகும். இன்றைக்குப் போன வழியில் நாளைக்குப் போகாது. ஆட்டோவும் அதே கையைத்தான் கேட்கும். வெளியூர்க்காரர்களுக்கு அப்படிப் பழைய தடம் இல்லாததால் விருந்தாளித் தடம் என்று ஒன்று போட்டுத் தருகிறார்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம்.

"பெரிய ஆஸ்பத்திரி. போட்டுட்டேன். கைய வைங்க."

வேடியம்மாள் மேசையில் இருந்த ரேகை பார்க்கும் பலகையில் பயந்துகொண்டே வைத்தாள். ஓசூரிலும் பெங்களூரிலும் பன்னிரண்டு வருடம் சித்தாள் வேலை பார்த்தவள் அவள். சிமெண்டு தின்ற கையை எந்த மிஷினும் படிக்காது. ஆனால் வேலையை விட்டு மாடு வளர்க்கப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது, ரேகை திரும்ப முளைத்திருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. வணக்கம் வேடியம்மாள் என்று அந்தப் பலகை அவள் பெயரைச் சொன்னதும், பாதி தூரம் வந்துவிட்டதுபோல அவளுக்கு இருந்தது.

ஒன்பது பத்துக்கு வண்டி கிளம்பியது. பன்னிரண்டு இருக்கை, பத்துப் பேர். ஒருவரும் வெளியே பார்க்கவில்லை. இது எந்த இடம் என்று பக்கத்தில் இருந்த நீலச் சட்டைக்காரரிடம் கேட்டாள். அவர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, தெரியலையே என்றார். தினமும் இதில்தான் போகிறாராம்.

அரை மணி நேரம் ஓடி ஒரு நிறுத்தத்தில் வண்டி நின்றது. ஒரு பெண் ஏறினாள். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் சும்மாடு கட்டிய துண்டு, கையில் தூக்குப்போசி. வாசல் பலகையில் கையை வைத்தாள். சிவப்பு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. எச்சில் தொட்டுத் தேய்த்து வைத்தாள். அதற்கும் சிவப்புதான்.

பெயரைச் சொல்லவும் என்றது வண்டி.

"பச்சையம்மா."

"பச்சையம்மாள், கையை வைக்கவும்."

மறுபடி சிவப்பு. வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஒருவர் இறங்கச் சொல்லி முணுமுணுத்தார். தினமும் இதே ரோதனை, இவர்களுக்கென்று தனி வண்டி விட்டால் என்ன என்றாள் ஒரு பெண். எட்டு மணிக்குப் போக வேண்டியவள், இது மூன்றாவது வண்டி, இதுவும் போனால் இன்றைக்கு ஆள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று அந்தப் பச்சையம்மாள் யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேடியம்மாளின் பார்வை கடிகாரத்துக்குப் போனது. ஒன்பது நாற்பத்திரண்டு.

கட்டட சைட்டில் காலையில் வருகைப் பதிவு மிஷின் முன்னால் தினமும் நடப்பதுதான் இது. ஒருத்தியின் கை படிக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவள் தன் கையை நீட்டுவாள். மேஸ்திரி கண்டுகொள்ள மாட்டார். அதற்கு யாரும் நன்றி சொல்வதுமில்லை. நாளைக்கு அவள் கை படிக்காதபோது இவள் நீட்டுவாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். வேடியம்மாள் யோசித்துச் செய்யவில்லை. எழுந்தாள், பச்சையம்மாளின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பலகையில் வைத்தாள்.

பச்சை எரிந்தது. வண்டி நகர்ந்தது.

பச்சையம்மாள் திரும்பிப் பார்த்து, "எந்த சைட்டும்மே நீ?" என்றாள்.

சைட்டு இல்லை, தம்பிக்காக வந்திருக்கிறேன் என்று வேடியம்மாள் சொல்லத் தொடங்குவதற்குள் வண்டி இடப்பக்கம் ஒடித்துத் திரும்பி, வீடுகள் இல்லாத அகலமான சாலையில் வேகம் எடுத்தது. பதினைந்து நிமிடத்தில் ஒரு பெரிய தகர வேலி முன்னால் நின்றது. உள்ளே நாலைந்து கிரேன்கள்.

"பச்சையம்மாள், தங்கள் இடம் வந்துவிட்டது. இறங்கவும்."

பச்சையம்மாள் இறங்கி வேலிக்குள் ஓடினாள். வண்டி நகரவில்லை. "பச்சையம்மாள், தங்கள் இடம் வந்துவிட்டது." வேடியம்மாளின் இருக்கைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வேடியம்மாள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். அது அவளைப் பச்சையம்மாள் என்றே கூப்பிட்டது. மற்றவர்கள் இரண்டு நிமிடம் பார்த்தார்கள். நீலச் சட்டைக்காரர் எழுந்து, கோபமில்லாமல், அவள் பையை எடுத்து வெளியே வைத்தார். அவள் பின்னாலேயே இறங்கினாள். கதவு மூடியது.

அடுத்து வந்த வண்டியில் கையை வைத்தாள். கதவு திறக்கவில்லை. "பச்சையம்மாள், தங்கள் வண்டி மாலை ஆறு பத்துக்கு வரும்."

அடுத்ததும் அதையே சொன்னது. மூன்றாவது வண்டியின் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளே இருந்தவர்கள் போனிலிருந்து தலை தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். மணி பத்தேகால். நடக்கலாம் என்றால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பன்னிரண்டு வரை காத்திருப்போம் என்றது, மனிதக் குரலா மிஷினா என்று தெரியாத ஒரு குரல்.

அவள் வேலிக்குள் ஓடினாள். பச்சையம்மாள் கலவை மிஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். வேடியம்மாள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். பச்சையம்மாள் கேட்டுக்கொண்டே வந்தவள், கால் என்ற இடத்தில் கையிலிருந்த பாண்டுச்சட்டியைக் கீழே போட்டாள்.

"ஏம்மே, உனுக்கு அறிவு இருக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போறவ எதுக்கும்மே எனுக்குக் கை குடுத்த?"

வேடியம்மாள் போனைத் திருப்பி மணியைக் காட்டினாள்.

பச்சையம்மாள் சாலைப் பக்கம் திரும்பினாள். ஒரு ஆளுக்குக் கை படிக்கவில்லையென்றால் வண்டி அந்த ஆளை இறக்கிவிடப் பார்க்கும். பத்துப் பேருக்குப் படிக்கவில்லையென்றால் தனக்குத்தான் கோளாறு என்று நினைத்து அப்படியே நின்றுவிடும், அதைப் பார்க்க மனுஷன் ஒருத்தன் வருவான், போன மழைக்காலத்தில் அப்படி நடந்தது என்றாள். இந்த ஊரில் வண்டிக்குப் பொறுப்பான மனுஷனின் முகத்தைப் பார்க்க வேறு வழி கிடையாதாம்.

அவள் போய்க் கலவைக்காரிகளிடம் பேசினாள். மேஸ்திரி குறுக்கே வந்து கத்தினார். போகிறவளுக்கு இன்றைக்கு ஆஜர் கிடையாது என்றார். நான்கு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். பன்னிரண்டு பேர் முண்டாசோடும் சிமெண்டோடும் சாலைக்கு வந்தார்கள்.

பத்து நாற்பதுக்கு ஒரு வண்டி வந்து, யாரையோ இறக்கக் கதவைத் திறந்தது. பன்னிரண்டு பேரும் திமுதிமுவென்று ஏறி, வரிசையாகக் கை வைத்தார்கள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. வண்டி ஒருதரம் குலுங்கி விளக்கையெல்லாம் அணைத்துக்கொண்டது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். போலீசைக் கூப்பிடுவேன் என்றார் ஒருவர். "கூப்புடு சாமி, அவன் வண்டியாச்சும் பலகையோட வருதான்னு பாப்போம்" என்றாள் கடைசியாக ஏறியவள்.

மனிதன் வருவதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. தானே வழி பார்த்து ஓடும் பைக்கில் வந்தார். காக்கிச் சட்டை, தொப்பை, சட்டைப்பையில் தெய்வசிகாமணி என்ற பெயர். இறங்கும்போதே திட்டிக்கொண்டு இறங்கினார். வேடியம்மாள் அவர் முன்னால் போய் நின்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையில் இருந்த கருவியில் அவள் கையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வேடியம்மான்னு இதுல யாருமே இல்லம்மா. உன் விருந்தாளித் தடம் பொறந்து ரெண்டு மணி நேரம். பச்சையம்மாவோட தடம் பத்து வருஷம். ஒரே கை ரெண்டு பேருல வந்தா மிஷினு மூத்தத வச்சுக்கும். சின்னத அழிச்சிடும்."

"திருப்பிப் போடுங்க சார்."

"மனு குடுத்தா மூணு நாள்ல சரி பண்ணுவாங்க."

"இன்னும் அம்பது நிமிஷம்தான் சார் இருக்குது."

தெய்வசிகாமணி மணியைப் பார்த்தார். நின்றுபோன வண்டியை டிப்போவுக்குக் கையால் ஓட்டிப் போகவேண்டும் என்பது விதி. அந்த டிப்போ ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். முன்பக்கத்து மூடியைத் திறந்து ஸ்டியரிங்கை வெளியே இழுத்தார். பழைய பயணிகள் இறங்கமாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். சித்தாள்களில் பச்சையம்மாளைத் தவிர மற்றவர்கள் இறங்கி வேலிக்குள் போனார்கள்.

முதல் கூட்டு ரோட்டிலேயே வண்டி நின்றது. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?" என்று பின்னால் திரும்பிக் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. அதில் ஒருவர் இருபது வருடமாக இதே ஊர். போனில் வழி காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். வழி சொல்லும் வேலையையே அது விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அருகில் உள்ள வண்டியில் கையை வைக்கவும் என்றது.

"சோத்துக்கை பக்கம் திருப்பு" என்றாள் பச்சையம்மாள்.

வண்டி ஏற்றாத நாளெல்லாம் நடந்தே போனவள் அவள். ஸ்டியரிங் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார். அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் பின்னால் போ, அதற்கு நாங்கள்தான் தளம் போட்டோம், பின்னால் லாரி வருகிற சந்து ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சுவர் முடிகிற இடத்தில் ஒடி. பாலத்தில் ஏறாதே, அடியில் போ. ஒரு இடத்தில் சந்தை அடைத்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். பச்சையம்மாள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். ரிவர்ஸ் எடுத்து வெளியே வர ஆறு நிமிடம் போய்விட்டது. வேடியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தால் கடிகாரம் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் குதித்தபோது பதினொன்று ஐம்பத்தொன்று. வேடியம்மாள் ஓட, பச்சையம்மாளும் கூடவே ஓடினாள்.

சம்மதம் வாங்குகிற மேசையில் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண். போனில் பேசிய அதே நிதானக் குரல். மாதப்பனின் அக்காவா, சீக்கிரம் கையை வையுங்கள் என்றாள். வேடியம்மாள் வைத்தாள். பச்சை எரிந்தது. மேசைக்காரி திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"நீங்க பச்சையம்மாள். கட்டடத் தொழிலாளி. நோயாளிக்கு உறவு இல்லைன்னு வருது."

"அம்மா, நான் வேடியம்மா. காலையில பஸ்ஸுல…"

"கை சொல்றதத்தாம்மா நான் எழுத முடியும். வேடியம்மாள் வந்திருந்தா அவங்களக் கை வைக்கச் சொல்லுங்க."

வேடியம்மாள் பையைக் கொட்டினாள். அட்டைகள், மாதப்பனோடு திருவிழாவில் எடுத்த போட்டோ, வழியில் போடக் கொண்டுவந்த வெற்றிலை. மேசைக்காரி எதையும் தொடவில்லை. தன்னால் முடியாது என்று அவள் சொன்னவிதத்தில் திமிர் எதுவும் இல்லை. மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

பின்னாலிருந்து ஒரு கை வந்து பலகையில் விழுந்தது. வெடித்து வெளுத்த கை, விரல் நுனியெல்லாம் வழவழவென்று. சிவப்பு. மறுபடியும் சிவப்பு.

"இந்தக் கை படிக்கல" என்றாள் மேசைக்காரி. "படிக்காத கைக்குக் காகிதம் இருக்கு. பேரு?"

"வேடியம்மா" என்றாள் பச்சையம்மாள்.

வேடியம்மாள் ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டாள்.

"நோயாளிக்கு?"

"அக்கா. கூடப் பொறந்தவ."

"சாட்சி ஒருத்தர் வேணும். கை படிக்கிற ஆளா."

"இதோ நிக்கிறாளே, பச்சையம்மா."

மேசைக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். கொட்டிக் கிடந்த போட்டோவையும் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை எடுத்துப் படித்தாள். ஆறு மணி நேர ஆபரேஷன். கால் பிழைக்கலாம், ஆள் பிழைக்காமலும் போகலாம். காலை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை. எது?

இதுவரை தடுமாறாத பச்சையம்மாள் இங்கே தடுமாறினாள். மைதடவிய பெருவிரலைத் தூக்கியபடியே திரும்பினாள்.

"ஏம்மே பச்சையம்மா. நீ இன்னா சொல்ற?"

காலோ உயிரோ என்பதை ஊரிலிருந்து வந்த வழியெல்லாம் வேடியம்மாள் யோசித்ததில்லை. நேரத்தோடு வந்து சேர்வதை மட்டும்தான் நினைத்திருந்தாள். இப்போது அது முழுதாக அவள் முன்னால் நின்றது. சாரத்தின்மேல் மூங்கிலில் காலைப் பின்னிக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டு அவளைக் கூப்பிடுகிற மாதப்பன் கண்ணில் வந்தான்.

"காலக் காப்பாத்தப் பாக்கட்டும்" என்றாள்.

பச்சையம்மாள் விரலை அழுத்தினாள். வேடியம்மாள் சாட்சிக் கோட்டில் பச்சையம்மாள் என்று எழுத்து எழுத்தாக எழுதினாள். தன் பெயரைத் தவிர வேறொருவர் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது அதுதான் முதல் தடவை. பேனாவை வைக்கும்போது மேசைக்காரி போனில் தியேட்டரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்று ஐம்பத்தெட்டு.

ஆறு மணி நேரம் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தூக்குப்போசியில் இருந்த கூழைப் பச்சையம்மாள் பாதி கொடுத்தாள். அவளுடைய தடம் இனி வேடியம்மாளின் கையில்தான் இருக்கிறது, நாளையிலிருந்து எந்த வண்டியும் அவளை ஏற்றாது. அதை வேடியம்மாள் சொன்னபோது, இதுவரை மட்டும் தினமும் ஏற்றியதா என்றாள் பச்சையம்மாள்.

ஆறரைக்கு ஒரு நர்ஸ் வந்து, கால் பிழைத்துவிட்டது, விரல் அசைகிறது என்றாள். உறவுக்காரர் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். வேடியம்மாள் எழுந்தாள். நர்ஸ் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்.

"வேடியம்மா, கை படிக்காதவங்க. யாரு?"

பச்சையம்மாள் உட்கார்ந்தபடியே வேடியம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காகிதம் பொய் என்று தெரிந்தால் மேசைக்காரிக்கு வேலை போகும், அதோடு போகுமா என்றும் தெரியாது. வேடியம்மாள் மெல்ல மறுபடி உட்கார்ந்தாள். பச்சையம்மாள் எழுந்து நர்ஸின் பின்னால் போனாள்.

வார்டுக் கதவில் முகம் அளவு கண்ணாடி இருந்தது. வேடியம்மாள் அதில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை, உள்ளே பேசுவது கேட்டது. மாதப்பன் கண் விழித்திருந்தான். போர்வைக்கடியில் இரண்டு கால் மேடு. நினைவு சரியாக இருக்கிறதா என்று நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். உன் பேர் என்ன, எந்த ஊர், என்ன நடந்தது. குழறலாக, ஆனால் சரியாகச் சொன்னான்.

"இவங்க யாரு தெரியுதா?"

மாதப்பன் பார்த்தான். இதற்கு முன்னால் அவளை அவன் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். நர்ஸின் பேனா காத்திருந்தது. பச்சையம்மாள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் பார்வை அவள் முகத்தை விட்டு இறங்கி, கம்பியைப் பிடித்திருந்த கையில் நின்றது. வெடிப்பு, வெளுப்பு, பெருவிரலில் காய்ந்த மை. நர்ஸ் கையிலிருந்த, அக்கா பெயர் எழுதிய சீட்டுக்குப் போனது. திரும்பவும் அந்தக் கைக்கு வந்தது.

"எங்க அக்கா" என்றான் மாதப்பன். பிறகு அவளிடம், "எப்ப வந்த? சாப்புட்டியா?" என்றான்.